நான் வெட்டிவிட்ட பெயர்

‘அலை’ என்று பெயர் வைத்து நான் கண்காட்சியில் தொங்கவிட்ட, பாராட்டு வாங்கிய, பிறகு விலைக்கும் விற்ற ஒட்டுத்துணிப் போர்வை என் கற்பனையில் பிறந்ததல்ல. கர்நாடகத்தின் சித்தி பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் தைத்த போர்வையைப் படமெடுத்து வந்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தைத்தது அது. அவரிடம் நான் கேட்கவில்லை. அவரைப் பற்றி எங்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், கார்வார் கடற்கரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய வடிவம் என்று சொன்னேன். தெரிந்தே சொன்ன பொய் அது.

என் மாணவிகளிடமும் போர்வையை வாங்கியவரிடமும் இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் பொய்யைப் பொதுவில் சொல்லிவிட்டு உண்மையை நாலு சுவருக்குள் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சென்னையில் க்வில்ட் தைப்பவள். வீட்டு மாடியில் வகுப்பும் நடத்துகிறேன். நாங்கள் தைக்கும் முறையில் க்வில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. முதலில் முகப்பை இணைத்து முடிக்க வேண்டும். பிறகு மூன்றையும் அடுக்கி, நழுவாதபடி ஓடுதையலால் பிடிக்க வேண்டும். இது எனக்குத் தொழிலாவதற்கு வெகுகாலம் முன்பே பித்தாக இருந்தது. அந்தப் பித்து என்னை ஊர் ஊராக இழுத்துப் போனது. எங்கே ஓவியக் கண்காட்சி, எங்கே கைவினைச் சந்தை என்று விசாரித்துப் புறப்பட்டுவிடுவேன். போகும் வழியில் கடல் இருந்தால் அங்கே ஒரு நாளாவது தங்காமல் திரும்ப மாட்டேன்.

கலையும் கடலும் சேர்ந்து கிடைத்த இடங்களில் எனக்கு நெருக்கமானது கொச்சி. சென்னையில் இரவு ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எர்ணாகுளம். படகுத்துறையில் படகு பிடித்தால் ஃபோர்ட் கொச்சி. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சிக்கு முக்கிய இடமாக இருந்தது அங்கிருக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் ஓர் ஆங்கிலேயர் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வளாகம். மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் கப்பலேறக் காத்திருந்த கிடங்குகளில் ஓவியமும் சிற்பமும் நெசவும் காட்சிக்கு இருந்தன. ஜன்னலுக்கு வெளியே கப்பல் போகும். அந்தப் பினாலேயை வடிவமைத்த முதல் பெண்ணான அனிதா துபேயின் பொறுப்பில் 2018இல் அது நடந்தபோது, துணியையும் நூலையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஓடினேன். சென்னையிலும் எனக்கு அப்படி ஓர் இடம் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டல் ஓவியர் கிராமம், ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி. பாட்டிக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கிய ஓவியர்கள் அவர்கள். கைவினை ஓவியத்துக்குச் சோறு போட்ட இடம் என்று அதைப் பற்றி மாணவிகளிடம் பெருமையோடு சொல்வேன்.

இத்தனை இடம் போய் நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். எனக்குப் பிடித்த படைப்பின் முன்னால் நின்றதும் ஃபோனை எடுப்பேன். பக்கத்துச் சுவரில் ஒட்டிய பெயரட்டை படத்தில் விழுந்தால், அறைக்குத் திரும்பியதும் அந்த ஓரத்தை வெட்டிவிடுவேன். படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளைப் படமெடுக்கும்போது, கயிற்றை இழுக்கும் ஆட்கள் குறுக்கே வந்தால் அவர்கள் நகரும்வரை காத்திருப்பேன். வலையின் வளைவு வேண்டும், முடிச்சுகளின் வரிசை வேண்டும், மாலை வெளிச்சம் வேண்டும். வலையைத் தூக்கி இறக்கும் மனிதர் வேண்டாம். கோவளத்தில் கட்டுமரக்காரர் ஒருவர், “என்னம்மா, படகை மட்டும் எடுக்கறீங்க, எங்களை எடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எல்லாம் என் துணிக்கு ஆகும் சரக்கு என்று பார்க்க என் கண் பழகிவிட்டிருந்தது. யாருடைய கை அதைச் செய்தது என்ற கேள்வி என்னை உறுத்தவே இல்லை.

2019 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு கைவினைக் கண்காட்சி. அங்கேதான் அந்தக் கவந்தியைப் பார்த்தேன். சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்கர்கள். பெரும்பாலும் போர்ச்சுகீசியராலும் வேறு பலராலும் மேற்குக் கரைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவிலிருந்து தப்பியவர்கள் பலர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் போய்க் குடியமர்ந்தார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா வட்டாரங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்தவரும் அவர்களில் உண்டு. அந்த மாவட்டத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2003இல்தான்.

கவந்தியின் தையல் முறை எங்கள் முறைக்கு நேர் எதிரானது. அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை. அதன் ஓரத்தில் முதல் துண்டை வைத்து, விளிம்பை விரலாலேயே மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓடுதையல் போடுகிறார்கள். அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று ஓரத்தைச் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். இணைப்பதும் தைப்பதும் ஒரே வேலையாக நடந்துவிடுகிறது. அளவுகோல் கிடையாது, மாதிரித் தாள் கிடையாது. வீட்டில் கட்டி நைந்த சேலையும் சட்டையும்தான் துண்டுகள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை அடுக்கித் தைக்கிறார்கள். அவற்றைப் பூக்கள் என்கிறார்கள். பூக்கள் வைக்காத கவந்தியை அவர்கள் முடிந்ததாகக் கருதுவதில்லை.

நான் பார்த்த கவந்தியில் ஓரம் முழுக்க அழுக்கு நீலம். உள்ளே போகப் போகப் பாசிப்பச்சை, சாம்பல், மஞ்சள் என்று மாறி, நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு, சற்றே ஒரு பக்கமாகத் தள்ளி. அந்தத் தள்ளல்தான் முழுப் போர்வையையும் நகரவைத்தது. வெள்ளை நூல் தையல் சுற்றிச் சுற்றி உள்ளே போய் அந்தச் சிவப்பைச் சூழ்ந்தது. இத்தனை வருடம் தைத்தும் எனக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கத் தெரியாது என்று அங்கேயே தெரிந்துகொண்டேன். நான் என்றால் சிவப்பை நடுவில் வைத்து அளந்திருப்பேன்.

பக்கத்தில் அட்டை இருந்தது. பெண்ணின் பெயர், ஊர், எல்லாப்பூர் வட்டம், விலை. படித்தேன். படித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் விலையைப் பார்த்து, இவ்வளவா என்று தயங்கினேன். என் போர்வைகளுக்கு நான் வைக்கும் விலையில் அது ஒரு சிறு பகுதிதான். வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. படம் எடுத்தேன்.

மறுநாள் இரவு ரயிலில் கார்வார் போனேன். தாகூரின் பெயரைத் தாங்கிய கடற்கரை அது. இளம் வயதில் அவர் அங்கே தங்கி ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். காளி ஆறு கடலில் கலக்கும் இடம். அந்த ஆறு மலையிலிருந்து இறங்கி வருகிறது. சித்திகள் வாழும் காடுகள் இருக்கும் அதே மலைப்பகுதி. கார்வாரிலிருந்து அங்கோலா போய், அரபைல் மலைப்பாதையில் ஏறினால் எல்லாப்பூர். பேருந்து இருக்கிறது. விடுதிக்காரரிடம் நேரம்கூடக் கேட்டு வைத்தேன்.

போகவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து, ஃபோனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, கட்டம் போட்ட தாளில் துண்டு துண்டாக வரைந்தேன். அன்று கடலை நான் பார்க்கவே இல்லை. வரைந்து முடித்ததும் படத்தின் ஓரத்தை வெட்டினேன். பெயரட்டை போய்விட்டது.

ஏன் மலை ஏறவில்லை? நேரமில்லை, மொழி தெரியாது, தனியாகப் போவது சிரமம் என்று பின்னால் எனக்கே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. போனால் கேட்க வேண்டும். கேட்டால் அவர் முடியாது என்று சொல்லக்கூடும். சம்மதித்தால் பணத்தில் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அந்தப் போர்வையை என்னுடையது என்று ஒருபோதும் சொல்ல முடியாது. எனக்கு அதை என்னுடையது என்று சொல்ல ஆசையாக இருந்தது.

2020 ஊரடங்கில் அதைத் தைத்தேன். புதிதாக வாங்கிய பருத்தித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் போட்டு நைந்ததுபோல் ஆக்கினேன். ஓரத்திலிருந்து உள்ளே போகும் முறையையே பின்பற்றினேன். சிவப்புத் துண்டை அதே அளவுக்கு அதே பக்கம் தள்ளி வைத்தேன். மூலைப் பூக்களை மட்டும் விட்டேன். விவரம் தெரிந்தவர்கள் அவற்றைப் பார்த்தால் இது கவந்தி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அறியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த நான்கு மூலைகளே எனக்கு எதிரான சாட்சி.

தைக்கும்போது மனத்துக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டேதான் இருந்தேன். க்வில்ட் உலகத்தில் எல்லாமே ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததுதானே என்பது என் வாதம். அமெரிக்கர்கள் மரக்குடில் என்று அழைக்கும் பட்டைக் கட்டமோ, ஒன்பது சதுரக் கட்டமோ எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை, யாரும் தைக்கலாம். அது உண்மைதான். கவந்தித் தையல் முறையைக் கற்றுக்கொண்டு, கற்ற இடத்தைச் சொல்லி, என் துணியில் என் முடிவுகளை எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நான் எடுத்தது முறையை மட்டுமல்ல. நீலத்துக்குப் பிறகு எங்கே பச்சை வர வேண்டும், சிவப்பு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் இருந்த துணியைக் கொண்டு எடுத்த முடிவுகளை எடுத்துக்கொண்டேன். அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும்.

2022இல் ஒரு கண்காட்சியில் அதை வைத்தேன். நிறையப் பேர் நின்று பார்த்தார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களுக்குக் கார்வார் அலைகளைச் சொன்னேன். தையல் வரிசைகள் அலைகள், சிவப்பு மூழ்கும் சூரியன் என்று விளக்கினேன். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். ஒருவர் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார்.

அதே மாதங்களில் வகுப்பில் நான் என்ன பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் தெரியுமா? பெயரில்லாமல் போன தையல்காரப் பெண்களைப் பற்றி. அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியான கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் அங்கிருந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போனதைச் சொன்னேன். 2006இல் அவை அஞ்சல்தலைகளாக வந்ததைச் சொன்னேன். லோரெட்டா பெட்வே போன்றவர்களின் பெயர் அவர்கள் தைத்ததன் பக்கத்தில் எழுதப்பட்டதுதான் பெரிய விஷயம் என்று அழுத்திச் சொன்னேன். கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள ஒரு காந்தாவில், அதாவது வங்காளத்துத் தையல் போர்வையில், மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகச் செய்தது என்று ஊசியாலேயே எழுதி வைத்திருப்பதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்பு நடிப்பில்லை. அந்தப் பெண்களுக்காக நான் உண்மையாகவே வருந்தினேன். ஆனால் தொலைவில் இருக்கும் பெண்ணின் பெயருக்காக வருந்துவதற்கு எனக்கு எந்தச் செலவும் இல்லை. எல்லாப்பூர்ப் பெண்ணின் பெயரைச் சொன்னால் என் பெயர் குறையும். நான் செலவில்லாத நேர்மையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என் மாணவி ஒருத்தி ஃபோனோடு வந்தாள். சித்திப் பெண்களின் போர்வைகளை விற்கும் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, இதைப் பாருங்களேன். உங்க ‘அலை’யை யாரோ காப்பி அடிச்சிருக்காங்க.”

நான் பார்த்த அதே போர்வை இல்லை. அதே கையின் இன்னொரு போர்வையாக இருக்கலாம். நீல ஓரம், தள்ளி வைத்த சிவப்பு. இதில் மூலைகளில் பூக்கள் இருந்தன. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

“நான் எழுதிக் கேக்கட்டுமாக்கா? இப்படி எடுத்துட்டுப் போய்க் காசு பண்றாங்களே.”

“வேண்டாம்மா, விடு. பாவம், பிழைச்சுப் போகட்டும்.”

“உங்களுக்குப் பெரிய மனசுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால், திருடியதைச் சொல்ல மாட்டேன். இந்த நிமிடத்தைச் சொல்வேன். பறிகொடுத்தவரைத் திருடியாக்கி, அவருக்கு மன்னிப்பும் வழங்கி, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வீட்டில் நைந்த சேலை என் வாயில் காப்பி ஆகிவிட்டது.

உடனே திருந்திவிட்டேன் என்று சொல்லப் போவதில்லை. அந்த வகுப்பை அப்படியே தொடர்ந்து நடத்தினேன். அந்த மாணவி மற்றவர்களிடம் என் பெருந்தன்மையைச் சொல்லியிருந்தாள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு புது மாணவி, தான் தைக்கும் போர்வைக்கு ‘அலை’ போலச் சிவப்பைத் தள்ளி வைக்கலாமா, என் அனுமதி வேண்டுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னால் அதற்குமேல் முடியவில்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லி, வெட்டிய படத்தையும் கட்டத்தாளையும் எடுத்து வைத்து, நடந்ததை முழுதாகச் சொன்னேன்.

அழுகை வரும், கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஃபோனைக் காட்டிய அந்த மாணவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அவங்க பேர் என்னக்கா?”

எனக்குத் தெரியவில்லை. படித்த பெயர்தான். விலை நினைவிருக்கிறது, பெயர் நினைவில் இல்லை. அது இருந்த ஒரே இடத்தை என் கையாலேயே வெட்டி அழித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க நினைத்தாலும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாத நிலையை நானே உண்டாக்கி வைத்திருக்கிறேன். ‘அலை’யை வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பினேன், போர்வை என்னிடம் வந்துவிட்டது. கண்காட்சி நடத்தியவர்களிடம் விசாரித்தேன். பல ஊர்களிலிருந்து சேர்ந்து வந்தவை அவை. எந்தப் போர்வை யாருடையது என்ற பட்டியல் இப்போது அவர்களிடம் இல்லை.

அதன் பிறகுதான் அரபைல் மலைப்பாதையில் ஏறினேன். எல்லாப்பூருக்கு அப்பால் ஒரு குடியிருப்பில், கன்னடமும் இந்தியும் தெரிந்த ஓர் இளம்பெண் எனக்காகப் பேசினாள். பெண்கள் ‘அலை’யை விரித்துப் பார்த்தார்கள். வயதான ஒருவர் மூலையைத் தடவிவிட்டு, பூ எங்கே என்று கேட்டார். வேண்டுமென்றே விட்டதாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். இளம்பெண் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள், சொல்லச் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், பார்க்க வேண்டும் என்று வந்திருந்தால் அன்றே கற்றுக்கொடுத்திருப்போமே என்றார். இப்படித் தைப்பவர் யார் என்பதில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒருவர் ஒரு பெயர் சொன்னார்; மற்றவர் இல்லை, பக்கத்துக் குடியிருப்பில் ஒருத்தி உண்டு என்றார். அவரும் இப்போது அங்கே இல்லை. வேலை தேடிக் குடும்பத்தோடு போய்விட்டார். உறுதியில்லாத அந்தப் பெயர்களை இங்கே அச்சிட்டு இன்னொரு பிழை செய்ய எனக்கு மனமில்லை.

இன்று என் வகுப்பில் படமெடுப்பதற்கு முன் பெயரட்டையைக் கையால் நோட்டில் எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு போர்வையின் பின்புறமும் யாரைப் பார்த்துக் கற்றது என்று துணிச்சீட்டு தைக்கிறோம். இதெல்லாம் இனிமேல் நடக்கப்போவதற்குத்தான் உதவும். நடந்துவிட்டதை இவை தொடவில்லை. நான் எதையும் ஈடுகட்டிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2019 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த கைவினைக் கண்காட்சிக்குப் போனவர்கள் உங்கள் பழைய படங்களைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். அழுக்கு நீல ஓரம், உள்ளே பாசிப்பச்சையும் சாம்பலும் மஞ்சளும், நடுவிலிருந்து சற்றே தள்ளி ஒரு சிவப்புத் துண்டு, நான்கு மூலைகளிலும் பூக்கள். வலப்பக்கச் சுவரில் ஒரு வெள்ளை அட்டை. உங்கள் படத்தில் அந்த அட்டை வெட்டப்படாமல் இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். ‘அலை’ விற்ற விலைக்கு ஈடான பணத்தை அவருக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவர் எங்கே இருந்தாலும் போய், கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் மன்னிக்க மறுத்தால் அதையும் கேட்டுக்கொண்டு திரும்புவேன்.